பை 600 கிராம், பாரம் 14 கிலோ

எடை மெஷின்ல பையை வெச்சு 612 கிராம்னு பார்த்த அன்னைக்கு எனக்கு இருந்த சந்தோஷம் இருக்கே, சொன்னா சிரிப்பீங்க. மலை ஏறும்போது முதுகுல மாட்டற பை, காலி, உள்ள ஒண்ணுமே இல்ல. அதை ஒத்தை விரல்ல தொங்கவிட்டு அக்காகிட்ட காட்டி "பாரு, ஒரு தண்ணி பாட்டிலை விட கம்மி"ன்னு பீத்திக்கிட்டேன். அவ வாங்கி முன்னாடி பின்னாடி திருப்பிப் பார்த்துட்டு "முதுகுப் பக்கம் எலும்பே இல்லையேடா, தொளதொளன்னு இருக்கு"ன்னா. "அதுதான் இதோட ஸ்பெஷலே, ஃப்ரேம்லெஸ் பை"ன்னு நான். அந்த ஃப்ரேம்லெஸ்ங்கிற வார்த்தைக்கு உண்மையான அர்த்தம் எனக்கு புரிஞ்சது ரெண்டு வாரம் கழிச்சு ஒரு மலை ஏத்தத்துல, சரியா மூணாவது கிலோமீட்டர்ல.

முதல்ல நான் எப்படிப்பட்ட ஆளுன்னு சொல்லிடறேன், இல்லன்னா இந்த கதை புரியாது. நான் போறதெல்லாம் ஒரு ராத்திரி ட்ரிப். சனிக்கிழமை காலையில ஏறி, மேல டென்ட் போட்டு தூங்கி, ஞாயித்துக்கிழமை இறங்கி வந்துடற ரகம். ஆனா கூட கேமரா வரும், ரெண்டு லென்ஸ் வரும், ட்ரைபாட் வரும். டென்ட் ரெண்டு பேருக்கானது, பழசு, 2 கிலோ. ஸ்லீப்பிங் பேக் சிந்தெடிக், 1.4 கிலோ. கீழ விரிச்சு படுக்கற மேட் அரை கிலோ. கேமராவும் லென்ஸும் 2.1, ட்ரைபாட் ஒன்றரை, துணிமணியும் மழைக்கோட்டும் ஒன்றரை, டார்ச், பவர் பேங்க், மருந்துப் பெட்டி எல்லாம் சேர்ந்து 800 கிராம், சாப்பாடு 1.2 கிலோ, மேல தண்ணி கிடைக்காதுன்னா 3 லிட்டர், அதாவது 3 கிலோ. கூட்டிப் பாருங்க, 14 கிலோ வரும், பை இல்லாமலே. இந்த லிஸ்ட்ல ஒண்ணைக் கூட மாத்த மனசில்லாம, மாத்தினா செலவும் ஆகும்னு, "பையை மட்டும் லேசா வாங்கிட்டா பாரம் குறைஞ்சிடும்ல"ன்னு ஒரு கணக்கு போட்டேன். சுண்டைக்கா கால் பணம், சுமைகூலி முக்கால் பணம்னு சொல்வாங்க. என் கதையில கூலியை மொத்தமா என் தோள்பட்டைதான் கட்டுச்சு.

கூட வந்தவர் எங்க குரூப்ல மூத்தவர், எல்லாருக்குமே அண்ணன். அவர்கிட்ட ஒரு பழைய பை, 2.3 கிலோ, கலர் போய், ஒரு ஓரத்துல கையால தைச்ச தையல். கிளம்பும்போது அதைப் பார்த்து எனக்கு உள்ளுக்குள்ள சிரிப்பு வேற. காலிப் பையே ரெண்டே கால் கிலோவுக்கு மேல, மனுஷன் எதுக்கு இதை இழுத்துக்கிட்டு வர்றாருன்னு. முதல் கிலோமீட்டர் நல்லா போச்சு. ரெண்டாவதுல ரெண்டு தோள்லயும் ஸ்ட்ராப் உட்கார்ற இடத்துல சுருக்குன்னு ஒரு எரிச்சல். மூணாவதுல பை கொஞ்சம் கொஞ்சமா கீழ சரிஞ்சு, நடுவுல மடங்கி, முதுகுல ஒரு உருளையைக் கட்டி விட்ட மாதிரி உருண்டுடுச்சு, ட்ரைபாட் கால் ஒண்ணு விலா எலும்புக்குப் பக்கத்துல குத்துது, இடது கை விரல்ல லேசா ஊசி குத்துற மாதிரி. இடுப்பு பெல்ட்டை இறுக்கினேன், ஒரு பிரயோஜனமும் இல்ல. அது பெல்ட்டே இல்ல, ஒரு நாடா, அவ்வளவுதான். அண்ணன் பின்னாடி இருந்து "என்ன தம்பி, கிணத்துல வாளி இறைக்கிற மாதிரி தோளைத் தோளை தூக்குறீங்க?"ன்னு கேட்டார். ஒண்ணும் இல்லண்ணேன்னு சொல்லிட்டு நடந்தேன். அன்னைக்கு எடுத்த போட்டோ ஒண்ணு கூட உருப்படி இல்ல, மேல போனதும் கேமராவை வெளிய எடுக்கவே கை வரல.

கை மரத்துப் போறதை சாதாரணமா விட்டுடாதீங்க, அதுக்குன்னே மருத்துவத்துல ஒரு பேர் இருக்கு, ரக்சாக் பால்சி. தோள் ஸ்ட்ராப் ரொம்ப நேரம் அழுத்தி கைக்குப் போற நரம்புக் கூட்டத்தை நசுக்கறதால வர்றது, ராணுவத்துல பாரமான மூட்டை தூக்குறவங்ககிட்ட அதிகம் பார்த்திருக்காங்க. எனக்கு அந்த அளவுக்கு போகல, ராத்திரிக்குள்ள சரியாயிடுச்சு.

மறுநாள் காலையில அண்ணன் ஒரு யோசனை சொன்னார். "சாமானை மாத்திக்குவோம் தம்பி, என் பையில உங்க ஜாமான், உங்க பையில என் ஜாமான், கீழ போற வரைக்கும் பார்ப்போம்." அரை மணி நேரம் ஆச்சு மாத்தி அடுக்க. அவரோட சாமான் மொத்தமே 8 கிலோ சுத்திதான், அதுல அடுப்பும் பாத்திரமும் அடக்கம். என்னுது தண்ணியும் சாப்பாடும் குறைஞ்சு 11.6 கிலோ இருந்திருக்கும், அவர் பை 2.3 சேர்த்தா கிட்டத்தட்ட 14. முந்தின நாள் என் முதுகுல இருந்தது 14.6. அதனால எடை ஒண்ணும் பெருசா குறையல, இறக்கம்ங்கிறது மட்டும்தான் வித்தியாசம், அதை நான் மறைக்கல. ஆனா அந்த பெல்ட்டை இடுப்பு எலும்பு மேல வெச்சு க்ளிக்னு மாட்டி இழுத்ததும் தோள்ல இருந்து யாரோ கையை எடுத்துட்ட மாதிரி இருந்துச்சு. ஸ்ட்ராப்புக்கும் தோளுக்கும் நடுவுல விரல் விட முடியுது! பாரம் அப்படியேதான் இருக்கு, இடம்தான் மாறியிருக்கு. இன்னொரு பக்கம் அண்ணன் என் 612 கிராம் பையை மாட்டிக்கிட்டு ஆட்டுக்குட்டி மாதிரி குதிச்சு இறங்கிட்டிருக்கார். "நல்ல பைதானேப்பா இது, எதுக்கு திட்டுறீங்க?"ங்கறார். என்னை ஏத்தத்துல கொன்னது எதுவோ, அது அவருக்கு இறகு மாதிரி இருக்கு. பைல கோளாறு இல்ல, என் கணக்குலதான் கோளாறுன்னு அப்பதான் மண்டையில ஏறுச்சு.

கணக்கு என்னன்னா, மெஷின்ல தெரியற எடையும் உடம்புல தெரியற எடையும் ஒண்ணு இல்ல. ஃப்ரேம்னு சொல்றது வேற ஒண்ணும் பெரிய விஷயம் இல்ல, ரெண்டு அலுமினியக் கம்பி, இல்ல ஒரு பிளாஸ்டிக் தகடு, இல்ல வளைச்ச ஒரு குழாய். அது பையோட உச்சியையும் இடுப்பு பெல்ட்டையும் விறைப்பா இணைக்குது. பாரம் கம்பி வழியா நேரா பெல்ட்டுக்கு இறங்கி, அங்கிருந்து இடுப்பு எலும்புக்கு, அங்கிருந்து காலுக்குப் போயிடும். கால்தான் நம்ம உடம்புலயே பாரம் தாங்கறதுக்குன்னு செஞ்ச பாகம். கம்பி இல்லன்னா பெல்ட்டை எவ்வளவு இறுக்கினாலும் பை நடுவுல மடங்கும், மடங்கினா மேல் பாதி எடை முழுக்க தோள்லதான் தொங்கும். ஃப்ரேம்லெஸ் பை ஆளுங்க சாமானை இறுக்கி அடைச்சு, மேட்டை உள்ள சுருட்டி வெச்சு, சாமானையே ஃப்ரேம் ஆக்கிடுவாங்க. அது வேலை செய்யும், நானும் பின்னாடி செஞ்சு பார்த்தேன், ஆனா சுமார் 9 கிலோ வரைக்கும்தான். அதுக்கு மேல போனா எவ்வளவு அழகா அடுக்கினாலும் ஒரு மணி நேரத்துல தொய்ஞ்சிடும்.

இந்த இடுப்பு சமாச்சாரத்தைக் கண்டுபிடிச்ச கதை எனக்கு ரொம்பப் பிடிக்கும். டிக் கெல்டின்னு ஒருத்தர், அமெரிக்காக்காரர், 1952-ல வீட்டுக் கராஜ்ல அலுமினிய ஃப்ரேம் பை செஞ்சு விக்க ஆரம்பிச்சவர், அவர் பண்ணுவார், மனைவி தைப்பாங்க. அவரும் நண்பரும் மலையில நடக்கும்போது ஃப்ரேமோட கீழ் முனைகளை பேன்ட் பின் பாக்கெட்டுக்குள்ள சொருகிப் பார்த்திருக்காங்க, தோள்ல இருந்த பாரம் சட்டுன்னு இறங்கியிருக்கு, அதுல இருந்துதான் அவர் பைக்கு இடுப்பு பெல்ட் வந்துச்சுன்னு சொல்வாங்க. பேன்ட் பாக்கெட்! கிரெக் லோன்னு இன்னொருத்தர் 1967-ல கம்பியை பைக்கு உள்ள கொண்டு போயிட்டார், நாம இன்னைக்கு பார்க்கற பை எல்லாம் அந்த வம்சம்.

எதிர்ப்பக்கமும் ஒரு வரலாறு இருக்கு, லேசான பை ஆளுங்க வரலாறு. எம்மா கேட்வுட்னு ஒரு பாட்டி, 1955-ல, 67 வயசுல, கையால தைச்ச ஒரு துணி மூட்டையை ஒத்தைத் தோள்ல போட்டுக்கிட்டு அமெரிக்காவுல இருக்கற அப்பலாச்சியன் ட்ரெயில்ங்கிற நெடுந்தூர மலைப்பாதை முழுக்க தனியா நடந்து முடிச்சாங்க. 1990-கள்ல ரே ஜார்டின்னு ஒருத்தர் வந்தார், அவரும் மனைவி ஜென்னியும் 4,200 கிலோமீட்டருக்கு மேல நீளமான பசிஃபிக் க்ரெஸ்ட் ட்ரெயில்ங்கிற இன்னொரு அமெரிக்கப் பாதையை தானே தைச்ச ஃப்ரேம் இல்லாத பையோட நடந்தாங்க, இன்னைக்கு அல்ட்ராலைட்னு சொல்ற மொத்த கூட்டத்துக்கும் ஒரு வகையில அவர்தான் ஆரம்பம். ஆனா கவனிங்க, ஜார்டின் பையை மட்டும் குறைக்கல. டென்ட்டை விட்டுட்டு டார்ப், அதாவது மேல இழுத்துக் கட்டற ஒரு விரிப்பு, ஸ்லீப்பிங் பேக்குக்கு பதிலா ரெண்டு பேருக்கும் சேர்த்து போர்வை மாதிரி ஒரு க்வில்ட், எல்லாத்தையும் குறைச்சுட்டு கடைசியா, இனி ஃப்ரேமே வேண்டாம்னு ஆன பிறகுதான் அதைப் பிடுங்கினார். என்னை மாதிரி ஆளுங்க அவர் பையை காப்பி அடிச்சோம், பைக்குள்ள இருந்ததை காப்பி அடிக்கல.

அதனால என் முதல் ரூல், பையை கடைசியா வாங்குங்க. சாமான் எல்லாத்தையும் தரையில பரப்பி, எடை போட்டு, எது வரும் எது வராதுன்னு முடிவு பண்ணின பிறகு. தண்ணியும் சாப்பாடும் இல்லாத எடையை பேஸ் வெயிட்னு சொல்வாங்க, பையையும் சேர்த்து அது 4.5 கிலோவுக்குள்ள இருந்தா அல்ட்ராலைட், 9 கிலோவுக்குள்ள இருந்தா லைட்வெயிட்ங்கிறது பொதுவா சொல்ற கோடு. நான் பையோட சேர்த்து பத்து கிலோவுக்கு மேல. அதாவது நான் எந்தக் கோட்டுக்குள்ளயும் வரல, கேமராவை விட்டாத்தான் வருவேன், விட மாட்டேன். அப்போ எனக்கு வேண்டியது லேசான பைகள்லயே பாரம் சுமக்கத் தெரிஞ்ச பை. கேமராக்காரன்னு மட்டும் இல்ல, கயிறு எடுத்துட்டுப் போற க்ளைம்பிங் ஆளுக்கும் இதே நிலைமைதான், 60 மீட்டர் கயிறு ஒண்ணே மூணரை நாலு கிலோ வரும். கரடி இருக்கற காட்டுல கேனிஸ்டர், அதாவது கரடியால திறக்க முடியாத சாப்பாட்டு டப்பா, கட்டாயம்னா அது காலியாவே ஒரு கிலோ சுத்தி வரும், அதுவும் வளையாத நெளியாத ஒரு டப்பா. குழந்தையைக் கூட்டிட்டுப் போறவங்க ரெண்டு பேரு சாமானைத் தூக்கணும்.

ஒரு ராத்திரிதானே, சின்ன பை போதும்னு நினைக்கறது இன்னொரு ஏமாத்து. நானும் முதல்ல 35 லிட்டர்தான் தேடினேன். யோசிச்சுப் பாருங்க, ஒரு ராத்திரிக்கு போனாலும் அஞ்சு ராத்திரிக்கு போனாலும் டென்ட் ஒண்ணுதான், ஸ்லீப்பிங் பேக் ஒண்ணுதான், மேட் ஒண்ணுதான், மழைக்கோட்டு ஒண்ணுதான். ராத்திரி கூடக் கூட கூடுறது சாப்பாடும் கேஸும் மட்டும்தான். ஒரு நாள் ட்ரிப்புக்கும் ஒரு ராத்திரி ட்ரிப்புக்கும் நடுவுல ஒரு பெரிய பள்ளம் இருக்கு, ஒரு ராத்திரிக்கும் நாலு ராத்திரிக்கும் நடுவுல சின்ன படிதான். அதுலயும் சாமான் பழசுன்னா, சிந்தெடிக் ஸ்லீப்பிங் பேக்னா, எடையை விட பருமன்தான் பிரச்சனை, என்னோட ஸ்லீப்பிங் பேக்கை எவ்வளவு அமுக்கினாலும் தலைகாணி சைஸுக்கு கீழ வராது. எனக்கு 50 லிட்டர் சுத்திதான் சரியா வந்துச்சு. ரொம்பப் பெருசு எடுத்தாலும் தப்பு, காலி இடம் இருந்தா கை சும்மா இருக்காது, கூட ஒரு ஸ்வெட்டரைப் போடும். அப்படிப் போடலன்னா சாமான் எல்லாம் அடியில போய் உட்கார்ந்து பை தொங்கும், அதுக்குத்தான் பக்கவாட்டுல பையை அமுக்கி இறுக்கற கம்ப்ரெஷன் ஸ்ட்ராப்.

லிட்டர்னு போட்டிருக்கறதை அப்படியே நம்பாதீங்க. அளக்கறதுக்குன்னு ஒரு தரமுறை இருக்கு, ஏஎஸ்டிஎம் எஃப்2153, 20 மில்லிமீட்டர் பிளாஸ்டிக் குண்டுகளை பையில கொட்டி, நிறைஞ்சதும் எவ்வளவு பிடிச்சதுன்னு அளப்பாங்க, கேக்கவே பல்லாங்குழி மாதிரி இருக்குல்ல. ஆனா எல்லாரும் அப்படி அளக்கறதில்ல, அதோட சில பேர் வெளிப் பாக்கெட்டு, மேல சுருட்டற கழுத்துப் பகுதி எல்லாத்தையும் சேர்த்து சொல்வாங்க, சில பேர் உள் அறை மட்டும் சொல்வாங்க. ஒரு பையோட 55-ம் இன்னொரு பையோட 55-ம் பக்கத்துல வெச்சா அண்ணன் தம்பி மாதிரி இருக்கும், இரட்டைப் பிள்ளைங்க மாதிரி இருக்காது. எடையும் அப்படித்தான், மூடியைக் கழட்டி பெல்ட்டைக் கழட்டின நிலையில ஒரு எடை போட்டிருப்பாங்க, வீட்ல மெஷின்ல வெச்சா வேற வரும்.

இதெல்லாத்தையும் விட பெரிய விஷயம் முதுகு நீளம், இதை யாரும் எனக்கு முன்னாடியே சொல்லாம போயிட்டாங்கங்கிறதுல இன்னும் ஒரு கடுப்பு இருக்கு. ஆள் உயரம் இல்லைங்க, முதுகு நீளம், டோர்சோ. தலையைக் குனிஞ்சா கழுத்துக்கு அடியில ஒரு எலும்பு முட்டிக்கிட்டு நிக்கும்ல, ஏழாவது கழுத்தெலும்பு, அங்க ஆரம்பிக்கணும். ரெண்டு கையையும் இடுப்பு எலும்போட மேடு மேல கட்டை விரல் பின்னாடி வர்ற மாதிரி வெச்சா, ரெண்டு கட்டை விரலையும் சேர்க்கற கோடு முதுகெலும்பைத் தொடற இடத்துல முடிக்கணும். தனியா அளக்கவே முடியாது, இன்னொரு ஆள் வேணும். அக்காதான் தையல் டேப்பை எடுத்துட்டு வந்தா. "ஆடாம நில்லுடா, கழுதை"ன்னு ரெண்டு தடவை திட்டி, மூணு தடவை அளந்து, 49 சென்டிமீட்டர்னா. நான் உயரத்துல சராசரிக்கும் கொஞ்சம் கம்மி, அதனால கண்ணை மூடிக்கிட்டு ஸ்மால் சைஸ் வாங்கியிருந்தேன். எனக்கு கால் குட்டை, முதுகு நெட்டையாம். இருபத்தி சொச்சம் வருஷமா இந்த உடம்போட வாழ்ந்துட்டு இது எனக்கு தெரியல. முதுகு நீளத்துக்கு பை குட்டையா இருந்தா பெல்ட் வயித்துல உட்காரும், எலும்புல உட்காராது, நீங்க எவ்வளவு நல்ல ஃப்ரேம் வாங்கினாலும் தண்டம். நெட்டையா இருந்தா ஸ்ட்ராப் தோளைத் தொடாம அந்தரத்துல நிக்கும், பை பின்னாடி ஆடும். சைஸ் மாத்திக்கற மாதிரி இருக்கற பைன்னா இந்தத் தொல்லை பாதி தீரும், அதுக்கு ஒரு நூறு இருநூறு கிராம் கூடினாலும் பரவால்ல.

பெல்ட்டும் அதே மாதிரி. மாட்டி முழுக்க இறுக்கின பிறகும் ரெண்டு பக்கத்து பஞ்சுக்கும் நடுவுல முன்னாடி கொஞ்சம் இடைவெளி இருக்கணும், நடக்க நடக்க இன்னும் இறுக்க வேண்டி வரும். பஞ்சு ரெண்டும் முட்டிக்கிட்டா அந்த பெல்ட் உங்களுக்குப் பெருசு. பெண்களுக்குன்னு தனியா வெட்டின பெல்ட்டும் ஸ்ட்ராப்பும் சில பைகள்ல வருது, அதை வெறும் கலர் வித்தியாசம்னு நினைச்சு ஒதுக்காதீங்க, இடுப்பு வளைவுக்கு ஏத்த மாதிரி சாய்வா வெட்டியிருப்பாங்க, அக்கா ஒரு தடவை என் பையையும் அந்த மாதிரி ஒண்ணையும் மாத்தி மாத்திப் போட்டுப் பார்த்துட்டு இனி என் பையைத் தொடவே மாட்டேன்னுட்டா.

தோளுக்கு மேல, ஸ்ட்ராப்புல இருந்து பையோட உச்சிக்குப் போற ஒரு சின்ன வார் இருக்கும் பாருங்க, லோட் லிஃப்டர். அதை இழுத்தா பையோட மேல் பகுதி முதுகோட ஒட்டி வரும். அது தோள்ல இருந்து மேல் நோக்கி சாய்வா, 30-ல இருந்து 45 டிகிரி வரைக்கும் போகணும், அதுக்கு ஃப்ரேம் தோளை விட சில சென்டிமீட்டர் உசரமா இருக்கணும். சில லேசான பைகள்ல ஃப்ரேம் தோளோட நின்னுடும், ஆனாலும் பார்க்க அழகா இருக்கட்டும்னு இந்த வாரை வெச்சிருப்பாங்க, இழுத்தா தோளை இன்னும் இறுக்கும், அவ்வளவுதான் பலன். சும்மாடு கட்டின மாதிரி ஒரு பாவனை.

சும்மாடுன்னு சொன்னதும் ஞாபகம் வருது, நேபாளத்துல போர்ட்டர்கள் நெத்தியில ஒரு பட்டையை மாட்டி அதுல கூடையைத் தொங்கவிட்டு தூக்குவாங்கல்ல, 2005-ல வந்த ஒரு ஆய்வுல எடை போட்டுப் பார்த்தா, ஆண்கள் சராசரியா தங்களோட உடம்பு எடையில 93 சதவீதம், பெண்கள் 66 சதவீதம் தூக்கிட்டுப் போயிருக்காங்க. ஃப்ரேம் இல்ல, பெல்ட் இல்ல, பாரத்தை முதுகெலும்போட கோட்டுலயே இறக்கிடறாங்க, அதோட அது வருஷக்கணக்கான பழக்கம், அடிக்கடி நின்னு நின்னு போற நிதானம். நான் அதை வீட்ல ஒரு துண்டை வெச்சு முயற்சி பண்ணி கழுத்து பிடிச்சுக்கிட்டு ரெண்டு நாள் ஒரே பக்கமா பார்த்துட்டிருந்தேன், அதைப் பத்தி இதுக்கு மேல பேச வேண்டாம்.

சரி, எடைக்கு வருவோம். என் பழைய கணக்குல 600 கிராம் பைக்கும் 1.1 கிலோ பைக்கும் நடுவுல அரை கிலோ வித்தியாசம், "கிட்டத்தட்ட டபுள்!"னு தோணும். ஆனா முதுகுல ஏறினதுக்கு அப்புறம் அது 14.6-க்கும் 15.1-க்கும் உள்ள வித்தியாசம், மூணரை சதவீதம் கூட இல்ல. அந்த மூணரை சதவீதத்தைக் கொடுத்து ஃப்ரேமும் பஞ்சு வெச்ச பெல்ட்டும் வாங்கறோம். அரை கிலோ குறைக்கணும்னா அரை லிட்டர் தண்ணியை கிளம்பறதுக்கு முன்னாடியே வயித்துக்குள்ள எடுத்துட்டுப் போகலாம். அதே சமயம் 2.3 கிலோ பையும் எனக்கு வேண்டாம், அது 20 கிலோவுக்கு மேல தூக்கறவங்களுக்கானது, எனக்கு அது கொசு அடிக்க உலக்கை. நடுவுல, 900 கிராம்ல இருந்து 1.3 கிலோ வரைக்கும் ஒரு ரகம் இருக்கு. ஆஸ்ப்ரே எக்ஸோஸ், கிரானைட் கியர் க்ரௌன், யூஎல்ஏ சர்க்யூட், காஸமர் கியர் மாரிபோஸா எல்லாம் இந்த சாதி, கம்பெனிகளே பெரும்பாலும் 16 கிலோ சுத்தி வரைக்கும்னு சொல்றாங்க. அந்த எண்ணை நான் படிக்கற விதம் இதுதான்: 16-னு போட்டா 13 வரைக்கும் சுகம், 14, 15-ல சகிச்சுக்கலாம், 16-ல பை பிய்யாது, நீங்க பிய்வீங்க. அதுக்கு மேல அடிக்கடி தூக்கறவங்க சீக் அவுட்சைட் கம்பெனியோடது மாதிரி வெளி ஃப்ரேம் பைகளைப் பார்க்கலாம், வேட்டைக்குப் போறவங்களுக்காக வந்த டிசைன், எடையை வெச்சுப் பார்த்தா ஆச்சரியமா சுமக்கும்.

முதுகுப் பக்கம் வலை மாதிரி இழுத்துக் கட்டி காத்து போற பைகள் இருக்கு, வேர்க்கறவங்களுக்கு சொர்க்கம். ஆனா அந்த காத்து போற இடம் நாலஞ்சு சென்டிமீட்டர் பாரத்தை முதுகுல இருந்து தள்ளி வைக்குது. பையோட எடை மையம் முதுகுல இருந்து 20 சென்டிமீட்டர்ல இருக்குன்னு வெச்சுக்குங்க, 4 சென்டிமீட்டர் தள்ளினா பின்னாடி இழுக்கற இழுவை அஞ்சுல ஒரு பங்கு கூடும், அதை ஈடுகட்ட நாம முன்னாடி குனிவோம். 8 கிலோவுக்கு தெரியாது, 14 கிலோவுக்கு சாயங்காலம் தெரியும். நான் முதுகோட ஒட்டற பைதான் எடுத்தேன், சட்டை நனையுது, நனையட்டும்.

துணியைப் பத்தி மணிக்கணக்கா சண்டை போடுவாங்க, எனக்கு அதுல அவ்வளவு ஆர்வம் இல்ல. டெனியர்னா 9,000 மீட்டர் நூல் எத்தனை கிராம்ங்கிறது, 210 டெனியர் ரிப்ஸ்டாப் (கிழிசல் பரவாத மாதிரி நெஞ்ச) நைலான் ஒரு சாதாரண ஆளுக்கு தாராளம். டைனீமா காம்போசிட்னு ஒண்ணு, முன்னாடி க்யூபன் ஃபைபர்னு சொல்வாங்க, 1992 அமெரிக்காஸ் கப் போட்டியில ஓடின பாய்மரப் படகோட பாய்க்காக வந்தது, பிரமாதமா லேசு, நல்லா இழுவை தாங்கும், ஆனா மெல்லிசான ரகத்தை பாறையில உரசினா ஓட்டை விழும், விலையும் ஏறும். துணியை மாத்தி மிச்சம் பண்றது பெரும்பாலும் நூறு நூத்தம்பது கிராம்தான். அந்தக் காசுல ஒரு லேசான ஸ்லீப்பிங் பேக் வாங்கினா அரை கிலோ குறையும், பருமனும் குறையும். மழைக்கும் துணியை நம்பாதீங்க, துணி நனையலன்னாலும் தையல் வழியா வரும். பைக்கு உள்ள ஒரு பெரிய தடிமனான குப்பைப் பையை விரிச்சு அதுக்குள்ள சாமானை வெச்சா முடிஞ்சது. மேல போடற ரெயின் கவர் காத்துல பறக்கும், முதுகுப் பக்கத்தை மூடாது.

வாங்கறதுக்கு முன்னாடி, இல்ல வாங்கி திருப்பிக் கொடுக்கற தேதி முடியறதுக்கு முன்னாடி, உங்க நிஜமான சாமானை உள்ள வெச்சு வீட்ல நடங்க. கடையில பஞ்சு மூட்டையை உள்ள வெச்சுட்டு "எப்படி சார் இருக்கு?"ன்னு கேட்டா எந்தப் பையும் சுகமாத்தான் இருக்கும். எல்லா வாரையும் தளர்த்திட்டு, முதல்ல பெல்ட்டை இடுப்பு எலும்பு மேல, அப்புறம் தோள் ஸ்ட்ராப், அப்புறம் லோட் லிஃப்டர், கடைசியா நெஞ்சுப் பட்டை. இந்த வரிசை முக்கியம், தோளை முதல்ல இறுக்கினா பெல்ட்டுக்கு வேலையே வராது. (நெஞ்சுப் பட்டை பக்கிள்ல பல பைகள்ல ஒரு விசில் இருக்கும், எனக்கு அது தெரியறதுக்கு ஒரு வருஷம் ஆச்சு.) அரை மணி நேரமாவது மாடிப்படி ஏறி இறங்குங்க. நான் 14 கிலோவோட ஏறி இறங்கினதைப் பார்த்து கீழ் வீட்டுப் பெரியவர் "எங்கப்பா, காலி பண்றீங்களா?"ன்னு கவலையா கேட்டார். முதல் அஞ்சு நிமிஷம் எல்லாப் பையும் நல்ல பைதான், இருபதாவது நிமிஷத்துலதான் எது எங்க கடிக்குதுன்னு சொல்லும்.

அடுக்கறதும் பாதி பை. ஸ்லீப்பிங் பேக் அடியில, கேமராவும் தண்ணியும் முதுகெலும்போட ஒட்டி நடு உசரத்துல, டென்ட் அதுக்கு வெளிப்பக்கம், மழைக்கோட்டு எப்பவும் உச்சியில. ட்ரைபாடை நான் முதல்ல பைக்கு வெளிய பின்னாடி மாட்டிட்டிருந்தேன், ஒன்றரை கிலோ இருக்கறதுலயே தூரமான இடத்துல, நடக்கும்போது ஒவ்வொரு அடிக்கும் அது ஒரு இழு இழுக்கும். இப்போ பக்கவாட்டு பாக்கெட்டுல கால் மூணும் கீழ நிக்கற மாதிரி வெச்சு கம்ப்ரெஷன் ஸ்ட்ராப்ல கட்டிட்டு, எதிர்ப்பக்கம் ஒன்றரை லிட்டர் தண்ணி, தராசு சமமாயிடும். தண்ணி குடிக்கக் குடிக்க ஒரு பக்கம் சாயும், அதனால உள்ள இருக்கற தண்ணியை அப்பப்போ பக்கத்து பாட்டிலுக்கு மாத்திக்குவேன். பைத்தியக்காரத்தனம்னு தோணலாம், இடுப்புல ஒரு பக்கம் மட்டும் தோல் உரிஞ்சா தெரியும்.

கடைசியா நான் எடுத்தது 1.1 கிலோ, 50 லிட்டர், ரெண்டு அலுமினியக் கம்பி, மீடியம் முதுகு. பேர் சொல்லல, ஏன்னா என் முதுகு உங்க முதுகு இல்ல. அதுலயும் குறை இருக்கு, பக்கவாட்டு பாட்டிலை எடுக்க கையை மூணு மடிப்பா மடக்கணும், பெல்ட் பாக்கெட்டுல போன் போனா வராது, வந்தா போகாது. கம்பியைக் கழட்டி என் முதுகு வளைவுக்கு ஏத்த மாதிரி மேஜை விளிம்புல வெச்சு லேசா வளைச்சேன், அதுக்கு அப்புறம் தோள்பட்டை எலும்புல முட்டறது நின்னுச்சு. கம்பியை வளைக்கலாம்னே பல பேருக்கு தெரியாது.

612 கிராம் பையை அண்ணன் எடுத்துக்கிட்டார், அந்த இறக்கத்துல இருந்தே கண்ணு வெச்சிருந்தார். போன மாசம் மறுபடி அதே மலைக்குப் போனோம், அதே மூணாவது கிலோமீட்டர், அவர் 7 கிலோவோட முன்னாடி விசிலடிச்சுக்கிட்டுப் போறார், நான் 15 கிலோவோட பின்னாடி, மூச்சு வாங்குது, ஆனா தோள் சும்மா இருக்கு, கை விரல் எல்லாம் இருக்கற இடத்துல இருக்கு. அவர் நின்னு திரும்பிப் பார்த்து "தம்பி, அந்த ட்ரைபாடையாவது கொடுங்க, கொஞ்ச தூரம் நான் வெச்சுக்கறேன்"ன்னார்.

"வேண்டாம்ணே, உங்க பை தாங்காது"ன்னேன்.